நானூற்றுப் பன்னிரண்டு பங்கு

மற்ற ஊர்களில் விமானச் சத்தம் கேட்டால் ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கூரான்பொட்டலில் நாங்கள் முழங்காலை லேசாக மடக்கிக்கொள்வோம். சவரம் செய்கிறவர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார், பள்ளிக்கூடத்து டீச்சர் சாக்பீஸைப் பலகையிலிருந்து விலக்கிப் பிடிப்பார், தாலி கட்டுகிற மாப்பிள்ளைகூட இரண்டாவது முடிச்சோடு நிறுத்திவிட்டு மேளக்காரரைப் பார்ப்பான், நான் ஆற்றிக்கொண்டிருக்கிற டீயை ஒரே குவளைக்குள் அடக்கிவிட்டு நிற்பேன், அப்புறம் உள்ளங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் பொத்தென்று ஒன்று வரும், வந்து போனதும் கத்தி கன்னத்துக்கும் சாக்பீஸ் பலகைக்கும் மூன்றாவது முடிச்சு கழுத்துக்கும் திரும்பிவிடும். இதற்கு எங்கள் ஊரில் பங்கு என்று பெயர்.

ஊருக்கு மேற்கே ஓர் ஓடுபாதை கிடக்கிறது. உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் போட்டு, ஒரு வருஷம் பயன்படுத்தி, அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவன் போன மறுநாளே எங்கள் ஊர்ப் பெண்கள் அதில் மிளகாய் காயப்போட்டுவிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே விமானப் பயிற்சிப் பள்ளிக்கூடம் வைக்க ஆட்கள் வந்து, மிளகாயை அள்ளச் சொன்னபோது, முத்திருளாயி அந்தச் சிவப்புக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். களத்துப் பெண்களுக்கு அவள் சொல்தான் சட்டம். ஐம்பது வயது, ஒற்றை நாடி உடம்பு, அவள் வாய்க்குப் பயந்தே என் கடைப் பாலில் நான் தண்ணீரை அளவாகச் சேர்க்கிறேன். மூன்று நாள் உட்கார்ந்தாள். கடைசியில் மேற்குப் பாதி விமானத்துக்கு, கிழக்குப் பாதி மிளகாய்க்கு என்று முடிவாயிற்று.

அங்கே பறப்பதெல்லாம் ஒற்றை எஞ்சின், இரண்டே இருக்கை, றெக்கை முளைத்த ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பறப்பது பெரிய காரியமில்லை, இறங்குவதுதான் காரியம் என்பார் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் அனந்தபத்மநாபன். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைச் சாகவிட்டு, பின்சக்கரம் இரண்டையும் முதலில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு மேலேயே மூக்கைத் தூக்கிவிட்டால் விமானம் கல்லாக விழும், விழுந்த வேகத்தில் எம்பும், எம்பியதில் பதறி மூக்கை அழுத்தினால் முன்சக்கரத்தின் கால் மடங்கி, விசிறி தரையைக் கடித்து, உள்ளே இருக்கிற பிள்ளையின் முதுகெலும்பில் போய் அத்தனையும் இறங்கும். நாலு வருஷத்தில் மூன்று விமானங்கள் அப்படி மூக்குடைந்தன. மூன்றாவதிலிருந்து ஒரு நாக்பூர்ப் பையனைத் தூக்கி வெளியே வைத்தபோது, அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவன் வாயில் தண்ணீர் விட்டது முத்திருளாயிதான். விட்டுவிட்டு எழுந்து, யாரைப் பார்த்து என்று தெரியவில்லை, மிளகாயைப் பார்த்தோ மண்ணைப் பார்த்தோ, "இம்புட்டையும் ஒத்தப் பிள்ள முதுகுல போய் எறக்கணுமா? ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தா வாங்கிக்கிற மாட்டமா?" என்று சத்தம் போட்டாள். அதனால்தான் வந்தது என்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது, நான் டீக்கடைக்காரன்.

அடுத்த மாசியில் டெல்பின் வாஸ் வந்து சேர்ந்தாள். வேம்பார்க் கடற்கரைப் பெண், இருபத்து மூன்று வயது, அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். அவளுக்கு எல்லாம் வந்தது, தரை மட்டும் வரவில்லை. அலையைப் பார்த்தே வளர்ந்த கண், மட்டமாகக் கிடக்கிற மண்ணை அதற்கு அளக்கத் தெரியவில்லை; பனைமர உயரத்திலேயே தரை வந்துவிட்டது என்று மூக்கைத் தூக்கிவிடுவாள். வந்த பத்தாம் நாள், கேப்டன் பக்கத்தில் இருக்கும்போதே அப்படித் தூக்கினாள். விமானம் விழுந்தது. முன்கால் முறிந்திருக்க வேண்டும், கேப்டனுடைய கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும், ஒன்றும் ஆகவில்லை, பஞ்சுமூட்டையில் வைத்ததுபோல விமானம் உட்கார்ந்தது. ஆனால் அந்த நொடியில் கூரான்பொட்டலில் நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு சாண் எம்பினார்கள், அண்டாவில் தண்ணீர் தளும்பியது, கடையில் என் கையிலிருந்த டீ பஞ்சாயத்துத் தலைவர் மடியில் கொட்டியது.

மூன்றாவது தடவை வந்தபோது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊர்க்கூட்டம் போட்டோம். விமானப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி மனுக் கொடுப்போம் என்று முதலில் எழுந்தவன் நான்தான், இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. எவனோ எங்கேயோ பெரிய விமானம் ஓட்டிச் சம்பாதிப்பதற்கு நம் இடுப்பு ஏன் நோகணும் என்று கேட்டேன். முத்திருளாயி எழுந்து, "ஏன் சோணை, ஒனக்கு எங்க நோகுது, காட்டு" என்றாள். ஆமாம், நோகவில்லை, உள்ளங்காலில் ஒரு பொத்து, அவ்வளவுதான். ஊரில் நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு முதுகெலும்பை முறிக்கிற இடி நானூற்றுப் பன்னிரண்டாகப் பிரிந்தால் மாடிப்படியில் கால் பிசகுகிற அளவுக்குத்தான் வரும். "நம்ம காலுல ஒரு பொத்து. அங்கன ஒரு பிள்ள எந்திரிச்சு நடக்குது. இதுக்கு மனுவா?" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள், கூட்டமும் கலைந்தது.

அதற்குப்பின் பங்கு எங்கள் ஊரின் வெயிலோடு காற்றோடு சேர்ந்துகொண்டது. யார் இறங்குகிறார்கள் என்று காலே சொல்லும். ஒருவன் குதிகாலில் வருவான், ஒருத்தி முன்னங்காலில் வருவாள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் நடையைக் கேலி செய்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் தயங்கினார்கள். ஆனாலும் வாழ வந்த மருமகளுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து முதல் பங்கு வந்து, அடுப்படியில் அவள் 'ஆத்தே' என்று உட்காருகிற அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள், அன்றிலிருந்துதான் அவள் கூரான்பொட்டல்காரி. வடக்கே வாய்க்கால் பாலத்தைத் தாண்டிவிட்டால் பங்கு வராது என்பதையும் நாங்களே கண்டுபிடித்தோம். பாலம் தாண்டிப் பேருந்தில் போகிற யாருக்கும் ஒருநாளும் எதுவும் வந்ததில்லை. அந்தச் சாலையில் அந்தப் பேருந்து போடுகிற ஆட்டத்தில் என்ன வந்தாலும் தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆகவே பிழைப்புக்குப் போனவர்கள், கட்டிக்கொடுத்துப் போனவர்கள், இனி இந்த ஊரே வேண்டாம் என்று போனவர்கள், எல்லாருக்கும் பங்கு விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டினோம். போனவர்கள் போனவர்கள்தானே.

ஊரில் ஆள் குறைந்தால் பங்கு பெருத்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அதனால் திருவிழா, கல்யாணம் என்று ஊர் வெளியே போகிற நாளில் ஓடுபாதை முனையில் ஒரு சாக்கைக் கட்டிவிடுவோம். சாக்கைப் பார்த்தால் கேப்டன் பயிற்சியை நிறுத்திவிடுவார்.

டெல்பினுக்காகக் களத்துப் பெண்கள் இன்னொன்றும் செய்தார்கள். மிளகாயைப் பரப்பாமல், ஓடுபாதையின் ஓரத்தோடு ஒட்டி, பாத்தி பாத்தியாக இடைவெளி விட்டுக் காயப்போட்டார்கள். மேலிருந்து பார்க்கும்போது சிவப்பும் கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் தரை பக்கத்தில் இருக்கிறது, கலங்கித் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று அவள் கண்டுகொண்டாள். அப்படித்தான் அந்தப் பெண் இறங்கப் படித்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை விழுவாள், இருபது தடவையும் எழுந்து போவாள், சாயங்காலம் என் கடைக்கு வந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "இன்னைக்கு ரொம்ப வந்துட்டா?" என்று கேட்பாள். இவ்வளவு விழுந்தும் மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டு விமானத்தில் ஏறுகிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பங்கு பெரிதாக வந்த நாளிலும், "அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா, பூ மாதிரி வந்துச்சு" என்று ஊரே பொய் சொல்லும். பத்து மாதத்தில் அவள் பங்கே வராமல் இறங்கத் தொடங்கினாள். விமானம் நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

அடுத்த பங்குனி உத்திரத்தன்று குலசாமிக்குக் கிடா வெட்ட ஊர் மொத்தமும் மூன்று லாரியில் கிளம்பி அறுபது கிலோமீட்டர் போய்விட்டது. மிஞ்சியவர்கள் பத்தொன்பது பேர். மழை மிரட்டியதால் மிளகாயை விட்டு நகராத முத்திருளாயியும் எட்டுப் பெண்களும், சாவுத் தீட்டு என்பதால் கோயிலுக்குப் போகக்கூடாத ஒரு வீட்டார் ஆறு பேர், காலில் மாவுக்கட்டோடு ஒருத்தர், பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாளான பேச்சி, அவள் பிள்ளை, அப்புறம் நான். ஓடுபாதை முனையில் சாக்கு கட்டியிருந்தது. ஆனால் டெல்பின் அன்றைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். கடற்கரையோரமாகத் தெற்கே வெகுதூரம் தனியாகப் போய், இன்னொரு விமான நிலையத்தில் இறங்கி, மத்தியானம் திரும்ப வேண்டிய பயணம். அது முடிந்தால் உரிமப் பரீட்சை.

பதினோரு மணிக்குக் கேப்டன் என் கடைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கண்மாய்க்கு மேலே ஒரு பருந்து டெல்பினின் விமான வாலில் மோதிவிட்டது, மூக்கைத் தூக்கி இறக்குகிற வால் துடுப்பு பாதியில் இறுகிக்கொண்டது, எஞ்சினைக் கூட்டிக் குறைத்து எப்படியோ ஓடுபாதை வரைக்கும் வந்துவிடுவாள், ஆனால் கடைசியில் மூக்கைத் தூக்க முடியாது, வருகிற வேகத்தோடு அப்படியே இடிப்பாள் என்றார். எரிபொருளும் கொஞ்சம்தான் இருந்தது. பனைமரத்து உச்சியிலிருந்து கீழே போடுவதுபோல இருக்கும் என்றார்.

பத்தொன்பது பேர். நான் கணக்குப் போட்டேன், ஆளுக்கு இருபது மடங்குக்கு மேல் வந்தது. பேச்சியையும் பிள்ளையையும் தீட்டு வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோனான். பதினாறானோம்.

நான் கேப்டனோடு ரேடியோ அறைக்கு ஓடினேன், அங்கே ஒலிபெருக்கி கரகரத்தது. டெல்பின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "சார், இன்னைக்கு உத்திரம். ஊர்ல ஆள் கெடையாது, எனக்குத் தெரியும். நான் கண்மாயில எறக்கிடுறேன்."

"கண்மாய் முழுக்கக் கருவேலங்கட்டை நிக்குதும்மா. வேண்டாம்" என்றார் கேப்டன்.

"தெரியும் சார். பத்திருபது பேரு தலையில என்னால எறக்க முடியாது."

மிளகாய்க் கையோடு உள்ளே நுழைந்த முத்திருளாயி, கேப்டன் தும்மி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டாள். "ஏத்தா டெல்பினு, நாந்தேன் பேசுறேன். என்ன பெனாத்திக்கிட்டு இருக்க?"

"அக்கா, நீங்க பாலத்துக்கு அங்கிட்டுப் போயிருங்கக்கா."

"எதுக்குப் போகணும்? லாரி மூணும் இன்னுங் கெளம்பவே இல்ல. ஒண்ணு பஞ்சரு, இன்னொண்ணுல கெடா ஏற மாட்டேங்குது. நானூத்திப் பன்னெண்டு பேரும் இங்கனதேன் நிக்கிறோம்."

"மேலருந்து பாத்தா தெருவுல ஒருத்தரையும் காணோமேக்கா."

"இந்த வெயில்ல தெருவுலயா நிப்பாக? நெழலுக்குள்ள நிக்கிறாக. கேளு, கண்மாயில எறக்குன, ஒன் அப்பன் வேம்பாருல இருந்து வந்து யார் மூஞ்சியில முழிப்பாரு? பேசாம வா. மொளகா பாத்தி பாத்தியாக் கெடக்கு, அதப் பாத்துக்கிட்டே வந்துரு."

மைக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் முகத்தில் வியர்வை ஓடியது. எங்கள் யாரையும் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. தீட்டு வீட்டார் களத்துக்குக் கட்டிலோடு தூக்கிவந்திருந்த மாவுக்கட்டுக்காரர் இறங்கி ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். எட்டுப் பெண்களும் மிளகாய்க்கு நடுவில் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். நான் பாலத்தைப் பார்த்தேன், உண்மையைச் சொல்வதில் என்ன, ஓடினால் ஏழு நிமிஷம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை வாயில் கடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அவள் வந்தாள். கிழக்கே ஒரு புள்ளியாக, பிறகு ஒரு தும்பியாக, பிறகு சக்கரம் மூன்றும் தெரிய, மூக்கு தாழ்ந்து, தாழ்ந்த மூக்கைத் தூக்க முடியாமல் எஞ்சினால் மட்டும் இழுத்துப் பிடித்து, ஓர் அடி ஓர் அடியாகத் தன்னைக் கீழே கொடுத்துக்கொண்டு, இவ்வளவு பயத்திலும் இம்மி கோணாமல், நடுக்கோட்டின் மேலேயே அந்தப் பெண் வந்தாள். இறங்கத் தெரிந்தவள் இறங்க முடியாமல் வந்தாள். சக்கரங்கள் தரையில் இடித்தன.

எனக்கு வந்தது அரை மூட்டைச் சீனியைத் தோளில் வாங்குகிற அளவு. உட்கார்ந்தேன். பல் துண்டில் பதிந்தது. பிறகு எழுந்தேன், எழ முடிந்தது. பார்த்தால் எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள், மாவுக்கட்டுக்காரர்கூட. ஒருவருக்கொருவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

முத்திருளாயிதான் முதலில் அலறினாள். "இது பத்தாதே. சோணை, மிச்சம் எங்கடா போச்சு?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. நாங்கள் வாங்கியது கொஞ்சம். அப்படியானால் மீதி முழுவதையும் அவளே வாங்கிக்கொண்டாள். அத்தனை பேரும் மிளகாயை மிதித்துக்கொண்டு ஓடினோம், கேப்டன் எங்களுக்கு முன்னால் ஓடினார், விமானம் மூன்று சக்கரத்திலும் நேராக நின்றது, கதவு திறக்கவில்லை. முத்திருளாயி இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்தாள். உள்ளே டெல்பின் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். தானே இறங்கினாள், தானே நடந்தாள், நாலடி வந்து எங்களை எண்ணினாள். பதினாறு வரைக்கும் எண்ணிவிட்டு முத்திருளாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பொய் சொல்லிட்டீங்களேக்கா" என்று ஓவென்று அழுதாள்.

"நீ நல்லாருக்கியா, அதச் சொல்லு. எங்கயும் வலிக்குதா?"

"ஒண்ணுமே இல்லக்கா. பஞ்சுல வச்ச மாதிரி இருந்துச்சு."

அப்படியானால் யார் வாங்கினார்கள்? நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. பாலத்துக்கு அப்பாலிருந்து பேச்சி பேசினாள், பிள்ளைக்கு ஒரு குலுக்கல் குலுக்கி விக்கல் எடுக்கிறது, ஆனால் சிரிக்கிறது என்றாள். அதை வைப்பதற்குள் கோயிலிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர். நானூறு சனமும் சன்னதியில் ஒரேயடியாகப் பொத்தென்று உட்கார்ந்ததில் அரிவாளை ஓங்கிய பூசாரியும் உட்கார்ந்துவிட்டாராம், கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டதாம், யாருடா இறங்கினது என்று கத்தினார். பிறகு திருப்பூரிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏழு பேர். சென்னையிலிருந்து இரண்டு பேர். ஷார்ஜாவிலிருந்து முத்திருளாயியின் மகன், "ஆத்தா, என்ன இன்னிக்கு இம்புட்டுப் பெருசு, யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்றான். ஒனக்கெப்படிடா தெரியும் என்றதற்கு, ஒரு வருஷமாக வருகிறது, சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை என்றான். கட்டிக்கொடுத்த பெண்கள் கமுதியிலிருந்தும் மதுரையிலிருந்தும் அழைத்தார்கள். பதினாறு கைபேசிகளும் ஓயவில்லை. முத்திருளாயி மிளகாய் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்; கண்ணீரை மிளகாய்க் கையால் துடைத்து, அந்த எரிச்சலில் இன்னும் அழுது, இன்னும் சிரித்தாள்.

எல்லாம் ஓய்ந்து நான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, கேப்டன் அலுவலகத்துத் தொலைபேசியைக் கம்பியோடு வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தார். "மலேசியாவுல இருந்து ஒரு அம்மா, நம்ம பள்ளிக்கூடத்து நம்பரை இன்டர்நெட்டுல தேடிப் பிடிச்சாங்களாம். இறங்கின பொண்ணு பிழைச்சுதான்னு மட்டும் கேக்கறாங்க. பேர் கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

டெல்பின் வாங்கி, "நான்தாம்மா, நல்லா இருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து முத்திருளாயியிடம் நீட்டினாள். "அழுறாங்கக்கா. உங்க ஊர்ப் பேச்சு."

முத்திருளாயி வாங்கினாள். "யாருத்தா?" என்றாள். பிறகு அவள் முகம் மாறியதைப் பார்த்து நான் குவளையைக் கீழே வைத்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு போன அவள் தங்கை செண்பகக்கனி அது. போன மறுநாள் ஊர் கூடி அவளைத் தலைமுழுகியது. அக்காதான் முதலில் முழுகினாள்; இரண்டாவதாக முழுகிய பங்காளி நான். அதற்குப்பின் அந்தப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை.

ஓடுபாதை அமைதியாகக் கிடந்தது, அதனால் தொலைபேசிக்குள் பேசியது எனக்கும் கேட்டது.

"ஒனக்கு எப்ப இருந்துடி வருது?" என்று கேட்டாள் முத்திருளாயி.

"மொத நாள்ல இருந்தே வருதுக்கா" என்றாள் செண்பகக்கனி. "சொல்லலாமா கூடாதான்னு தெரியல. வந்ததுல ஒண்ணுகூட விடாம வாங்கிக்கிட்டுதேன் இருக்கேன்."